நடுவில் இருந்த தமிழ்

1

டீ வடிகட்டியில் தொடங்குகிறேன்.

அன்று காலை என் கணவர் டீ வடிகட்டியைக் கையில் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, அதன் ஓட்டைகள் வழியாகத் தெருவைப் பார்த்தார்.

"சபூரா, இதுமாதிரி ஒண்ணுதான். ஆனா ஆள் உசரம். உள்ள கரித்துண்டு. காத்து கீழேருந்து மேல வருது, தண்ணி மேலேருந்து கீழ வருது. இதுக்கு என்னா பேரு வைக்க?"

"வடிகட்டின்னு வைங்க."

"வடிகட்டி டீக்கு. இது காத்தைக் கழுவுது."

"அப்ப கழுவின்னு வைங்க."

சிரித்தார். டீயைக் குடித்தார். கடைக்குப் போனார். அவர் என் முன்னால் செய்த கடைசிக் காரியங்கள் இவை. சாதாரணமானவை. அதனால்தான் இவற்றில் தொடங்குகிறேன். வேறு எதில் தொடங்கினாலும் எனக்கு அப்போதே ஏதோ தெரிந்திருந்தது போல் ஆகிவிடும். எனக்கு ஒன்றும் தெரியாது.

இந்தக் கதை எப்படி வந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். போன மாதம் என் மகள் சலேஹாவிடம் ஏழெட்டு வாக்கியம் தமிழில் சொல்லி, அதை இங்கிலீஷில் சொல்லச் சொன்னேன். சொன்னாள். கேட்டதும், இருபது வருஷத்துக்கு மேலாக நான் நம்பி வந்த ஒன்று என் கையை விட்டுப் போயிற்று. அதன் பிறகு தாள் வாங்கி உட்கார்ந்தேன்.

2

தொடக்கங்களை வீணாக்கியிருக்கிறேன். இரண்டை இங்கே விட்டு வைக்கிறேன்.

'பிரெஞ்சு தேசத்தில் அந்த எஞ்சினைக் கப்பலில் ஏற்றியபோது, அது ஒரு மனிதனின் உயிரை—' அடித்துவிட்டேன். எஞ்சினுக்கு எந்த எண்ணமும் கிடையாது.

'காரைக்கால்காரர்கள் எங்கே போனாலும்—' இதையும் அடித்தேன். எனக்கு ஒரு காரைக்கால்காரரைத்தான் நன்றாகத் தெரியும்.

அவர் பெயர் ஷேக் அலாவுதீன் மரைக்காயர். காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். பிறகு சைகோனில் ஒரு இரும்புப் பட்டறையில் கணக்கு எழுதினார். அங்கே எஞ்சின்களைப் பிரெஞ்சில் தெரிந்துகொண்டார். அதற்குப் பிறகு பினாங்குக்கு வந்து, தன் மாமா ஹபீப் முகம்மதுவின் இரும்புச் சாமான் கடையில் சேர்ந்தார். கடை சூலியா ஸ்திரீட்டில். வீடு அதற்குப் பின்னால் ஒரு சந்தில். அவருடைய இங்கிலீஷ் ஆணி விற்கப் போதும். அதற்கு மேல் போதாது.

இன்னொருவர் விஸ்வலிங்கம். யாழ்ப்பாணத்தார். கடற்கரைப் பக்கம் இருந்த ஒரு கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா. இயந்திரங்கள் வரவழைத்துத் தோட்டங்களுக்கு விற்கும் கம்பெனி. மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ். ஒரு பிழை வராது என்று அவர் மனைவி ஞானாம்பிகை அக்காவே சொல்வார். ஆனால் அவருக்குப் பிரெஞ்சு ஒரு எழுத்தும் தெரியாது. எஞ்சினை ரயில் பெட்டியில் இருந்தபடிதான் பார்த்திருக்கிறார்.

அந்த வருஷம் கம்பெனி நிபோங் திபாலில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆலைக்கு எஞ்சின் ஒன்றை வரவழைத்தது. கரியை எரித்து, அதில் வரும் வாயுவைக் கழுவி, அந்த வாயுவால் ஓடுகிற எஞ்சின். பிரெஞ்சுக்காரர் செய்தது. கூடவே வந்த புத்தகமும் முழுக்கப் பிரெஞ்சு. பினாங்கில் பிரெஞ்சு தெரிந்த வெள்ளைக்காரர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு எஞ்சின் தெரியாது, அல்லது நேரம் இல்லை. விஸ்வலிங்கம் ஆணி வாங்க வந்த இடத்தில் என் கணவரைக் கண்டுபிடித்தார்.

இந்த இரண்டு பேரில் யார் மேல் பிழை என்பதுதான் கதை. நான் அதைத் தள்ளிப்போடுவது போல் தெரிந்தால், கதைக்காரர்கள் செய்வதுபோல் உங்களைக் காக்க வைப்பதற்காக இல்லை. எனக்கு முதலில் இரண்டு பேரையும் ஒரு மேஜையில் உட்கார வைக்க வேண்டும்.

3

மேஜை எங்கள் முன்னறையில் இருந்தது. அறைக்கும் உள்வீட்டுக்கும் நடுவில் ஒரு திரை. திரைக்கு இந்தப் பக்கம் நான்.

விஸ்வலிங்கம் கம்பெனி விட்டதும் நேரே வருவார். எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டார். அது யாருக்கும் வருத்தமில்லை. என் கணவர் அவருக்காகச் சோடாப் புட்டி வாங்கி வைப்பார். மூடியிருக்கிற புட்டி யார் வீட்டிலும் சுத்தம்தான் என்பது விஸ்வலிங்கத்தின் கணக்கு.

அவர்கள் வேலை செய்த முறை இது. என் கணவர் பிரெஞ்சு வரியை மனதுக்குள் படிப்பார். தமிழில் வாய்விட்டுச் சொல்வார். விஸ்வலிங்கம் அதைக் கேட்டு இங்கிலீஷில் எழுதுவார். பிரெஞ்சு புத்தகத்தில் இருந்தது. இங்கிலீஷ் தாளில் இருந்தது. நடுவில் இருந்த தமிழை யாரும் எழுதவில்லை. அது அறையில் கொஞ்ச நேரம் இருந்தது, பிறகு இல்லை.

அந்தத் தமிழைக் கேட்ட மூன்றாவது ஆள் நான். இன்றைக்கு இருப்பதும் நான் மட்டும்.

"சிலிண்டரைச் சுத்தி சட்டை இருக்கு. சட்டைக்குள்ள தண்ணி ஓடணும்" என்பார் இவர்.

"என்ன மரைக்காயர், எஞ்சினுக்குச் சட்டையோ?"

"புஸ்தகத்துல ஷெமீஸ்னு இருக்கு. ஷெமீஸ்னா சட்டை. நான் என்னா செய்ய?"

"அப்ப நானும் சட்டை எண்டே எழுதிறன். துரை என்னைச் சட்டையோட கடலுக்குள்ள தள்ளட்டும்."

மறுநாள் கம்பெனி எஞ்சினியர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இங்கிலீஷில் அதற்கு ஜாக்கெட் என்று பெயர் என்றாராம். விஸ்வலிங்கம் வந்து சொன்னார்: "பாத்தியளோ, பிரெஞ்சுக்காரன் சட்டையோட விட்டுட்டான். இங்கிலீஷ்காரன் எஞ்சினுக்கும் கோட்டுப் போட்டுத்தான் வெளியில விடுவான்."

இப்படி நிறைய. சுழலும் தண்டுக்குப் பிரெஞ்சில் மரம் என்று பெயர். "இரும்புக்குள்ள எங்கையப்பா மரம்?" என்று விஸ்வலிங்கம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். காற்று போகும் வழியைத் திறந்து மூடும் தகட்டுக்குப் பட்டாம்பூச்சி. அது இங்கிலீஷிலும் பட்டாம்பூச்சிதான் என்று தெரிந்த நாள், இரண்டு பேரும் தூரத்துச் சொந்தக்காரரைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தார்கள்.

[எழுதியதைப் படித்துப் பார்த்தேன். விஸ்வலிங்கம் அதிகம் வேடிக்கை பேசுகிறார். உண்மையில் அவர் பெரும்பாலும் பேசாமல் எழுதினார். பேனா தாளில் உரசும் ஓசைதான் அதிகம். ஆனால் ஓசையை எத்தனை வரி எழுதுவது? நினைவு வேடிக்கையைத்தான் வைத்துக்கொள்கிறது. இந்தப் பாத்திரத்தை நீங்கள் கொஞ்சம் குறைத்துப் படியுங்கள்.]

4

அப்போது நான் ஆறு மாதம்.

இதை எழுதாமல் கதையை நடத்த முடியுமா என்று பார்த்தேன். முடியாது.

அந்தியில் மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் இவர் கப்பித்தான் பள்ளிக்குத் தொழப் போவார். விஸ்வலிங்கம் தனியே உட்கார்ந்து சோடா குடிப்பார். நான் விளக்கு ஏற்றித் திரைக்கு அடியில் தள்ளி வைப்பேன். அவர் எடுத்து மேஜையில் வைப்பார். இவர் திரும்பி வந்ததும் மறுபடியும் வேலை.

ஒரு நாள் விளக்கு வைத்த பிறகு, புத்தகத்தில் ஒரு புதிய தலைப்பு வந்தது. இவர் படித்தார். "அடுத்தது ஆபத்து. கரி எரியிற குழிக்குள்ள..." என்று தொடங்கினார். "குழிக்குள்ள இறங்கற மனுசன்..."

நிறுத்தினார்.

அதே நேரத்தில் பேனா ஓசையும் நின்றது.

புத்தகத்தின் தாள் புரளும் சத்தம் கேட்டது. "அடுத்தது எண்ணெய் போடுற முறை" என்றார் இவர். பேனா மறுபடி உரசத் தொடங்கியது.

விளக்கு வைத்த வீட்டில், வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில், சாவையும் மூச்சுத் திணறலையும் வாயால் சொல்லக் கூடாது. காரைக்காலிலும் அப்படித்தான், யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான். இது ஒருவருக்கொருவர் சொல்லித் தெரிய வேண்டிய விஷயம் இல்லை. அதற்குப் பிறகு 'ஆபத்து' என்று தலைப்பு வரும்போதெல்லாம் தாள் புரளும். புத்தகத்தில் அப்படிப்பட்ட பகுதிகள் பல இருந்தன போலிருக்கிறது. தாள் அடிக்கடி புரண்டது.

விட்ட பகுதிகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுதுவது என்று ஏற்பாடு. வீட்டில் இல்லை, கடற்கரைத் திடலில். "அங்க காத்து அடிக்கும். சொன்னது சொன்ன இடத்திலேயே போயிரும்" என்றார் இவர். "ஓமோம். கடலுக்கு ஒண்டும் ஆகாது" என்றார் விஸ்வலிங்கம்.

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், சொல்லுங்கள், காது கொடுத்துக் கேட்கிறேன் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆபத்து என்ன என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாகக்கூட இருந்தது. ஆனால் ஒரு வீட்டில் வழக்கம் யாருக்காக நடக்கிறதோ அவரைக் கேட்டு நடப்பதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்திய வாரம் கம்பெனி எஞ்சினியர் விஸ்வலிங்கத்தின் மேஜைக்கு வந்து, முடிந்தவரை கொடு என்று தாள்களை எடுத்துக்கொண்டு போனார். இன்னும் பாக்கி இருக்கிறது என்று விஸ்வலிங்கம் சொன்னாராம். எஞ்சினை ஓட்ட இது போதும் என்றாராம் துரை.

(இது விஸ்வலிங்கம் சொன்னது. துரை இதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.)

5

டீ வடிகட்டியை வைத்துவிட்டுக் கடைக்குப் போனவரைப் பற்றி.

அன்று முற்பகல், தோட்டத்து ஆள் ஒருவன் மரை ஆணி வாங்கக் கடைக்கு வந்தான். "இன்னிக்கு எஞ்சின் ஓட்டுறாங்கண்ணே, பெரிய விசேசம்லா" என்றானாம். இவர் தராசைக் கீழே வைத்தார். மாமாவிடம் "வந்துர்றேன்" என்றார். கம்பெனிக்குப் போய்த் தந்தி அடிக்கச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அங்கேதான் முதலில் போயிருக்கிறார். அன்று ஏதோ துரைமார் விடுமுறை, கம்பெனி பூட்டியிருந்தது. படகில் எதிர்க்கரையில் இருக்கும் பிறைக்குப் போய், அங்கிருந்து ரயிலில் நிபோங் திபால்.

அடுத்து நடந்ததை நான் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றையும் கிழித்தேன். காரணம், எனக்கு அதைச் சொன்னவர் சின்னையா. எஞ்சினுக்குக் கரி போடுகிறவர். குழிக்குள் சாம்பல் வாரப் போய் மயங்கி விழுந்தவர் அவரே. அதாவது இந்தக் கதையின் முக்கியமான காட்சியை, அந்த நேரம் நினைவில்லாமல் கிடந்த மனிதரிடமிருந்துதான் நான் வாங்கியிருக்கிறேன்.

அவர் எழுந்து நடக்க முடிந்ததும் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து உட்கார்ந்தார். உள்ளே வரவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. மத்தவங்க சொன்னதுதான். மழைன்னு ரெண்டு கதவையும் சாத்தியிருந்தோம், வாயு வெளிய போவ வழியில்லை. ஐயா ரயிலடியிலேருந்து ஓடி வந்தாராம். கதவைத் தெற, கதவைத் தெறன்னு சத்தம் போட்டாராம். கீழ ஒருத்தன் விழுந்துட்டான்னதும், யாரும் தனியா எறங்காதே, இடுப்புல கயிறு கட்டாம எறங்காதேன்னு கத்திக்கிட்டே அவரு எறங்கிட்டாராம்."

"கயிறு?"

"கயிறு எடுக்கப் போன ஆள் வரலைம்மா அதுக்குள்ள."

"உங்களைத் தூக்கினது?"

"கீழேருந்து என்னை ஏத்தி விட்டிருக்காரு. மேல இழுத்திருக்காங்க. அப்புறம் அவரும் ஏறி வந்துட்டாரு. படியில உக்காந்து தண்ணி கேட்டாராம். தண்ணி வந்தப்ப..."

அவர் முடிக்கவில்லை. நானும் இங்கே முடிக்கவில்லை.

ஒன்றை மட்டும் குறித்துக்கொள்கிறேன். கதவைத் திற, தனியாக இறங்காதே, கயிறு கட்டு: புத்தகத்தில் ஆபத்து என்ற தலைப்பின் கீழ் இருந்தது அதுதான். பிறகு எனக்குத் தெரியவந்தது. என் கணவர் தாளைப் புரட்டியபோதெல்லாம் படித்துவிட்டுத்தான் புரட்டியிருக்கிறார். அந்தப் பகுதிக்கும் ஒரு தமிழ் இருந்தது. அது ஆலையில் கத்தலாக வந்தது. மற்றதைப் போல அதையும் யாரும் எழுதவில்லை.

6

கம்பெனியின் விசாரணை எங்கள் முன்னறையில் நடந்தது. கணவனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தாவில் இருந்தேன். வெளியே போகக் கூடாது. ஆகவே துரையே வந்தார்.

கேள்வி இதுதான். இங்கிலீஷ் தாள்களில் ஆபத்துப் பகுதிகள் ஒன்றும் இல்லை. பிரெஞ்சுப் புத்தகத்தில் இருக்கின்றன. மரைக்காயர் சொல்லாமல் விட்டாரா, கிராணி எழுதாமல் விட்டாரா? மரைக்காயர் என்றால், அவர் தன் கவனக்குறைவால் செத்தார், இன்னொருவரையும் சாகக் கொடுக்கப் பார்த்தார் என்று கம்பெனிப் பதிவில் நிற்கும். கிராணி என்றால், அவருக்கு வேலை போகும். அதற்குப் பிறகு பினாங்கில் எந்தத் துரையும் அவரை மேஜையில் உட்கார வைக்க மாட்டான்.

விசாரணைக்கு முந்தின நாள் ஞானாம்பிகை அக்கா வந்திருந்தார். வாழைப்பழச் சீப்பு ஒன்று கொண்டுவந்தார். நேரே ஒன்றும் கேட்கவில்லை.

"வயித்திலை பிள்ளை துடிக்குதே, தங்கச்சி?"

"துடிக்குதுக்கா."

"எனக்கும் கடைசி இன்னும் மடியிலை. நாலு பிள்ளையள்." பழச் சீப்பை என் பக்கம் நகர்த்தினார். "இவர் அந்த நாளிலையிருந்து சாப்பாட்டிலை கை வைக்கேல்ல. மரைக்காயரை நினைச்சோ, துரையை நினைச்சோ, எனக்கு விளங்கேல்ல. கேட்டாலும் சொல்ல மாட்டார்."

அவர் போனதும் மாமா வந்தார். அவர் நேரே பேசினார்.

"நாளைக்கு ஒரு வார்த்தை போதும் உனக்கு. 'கிராணிதான் எழுதலைன்னு என் மாப்பிள்ளை சொன்னாங்க'ன்னு சொல்லு. மய்யித்து எழுந்து வந்து இல்லைங்கவா போவுது?"

"அப்படி நடக்கலையே மாமா."

"நடந்ததை யாரு பார்த்தா? நீதான். அப்ப நீ சொல்றதுதான் நடந்தது."

"நான் பார்க்கலை மாமா. கேட்டேன்."

"பெரிய வக்கீலு இவ" என்று எழுந்து போனார்.

[மாமாவை நான் கெட்டவராக எழுதுகிறேனோ? அந்தக் கடையின் பலகையில் என் கணவர் பெயரும் இருந்தது. அதை அவர் கழற்றவே இல்லை. பிறகு என்னையும் சலேஹாவையும் வைத்துக் காப்பாற்றியவரும் அவர்தான்.]

மறுநாள் துரை வந்தார். அவரை நான் பார்த்ததில்லை. திரைக்குக் கீழே அவருடைய சப்பாத்து தெரிந்தது. பழுப்பு நிறம், கயிறு இறுக்கிக் கட்டியது. பக்கத்தில் மாமாவின் வெறுங்கால். அதற்கு அப்பால் விஸ்வலிங்கத்தின் கால், செருப்பைக் கழற்றிவிட்டு.

துரைக்குத் தமிழ் தெரியாது. எனக்கு அப்போது இங்கிலீஷ் தெரியாது. மாமாவின் இங்கிலீஷ் கணக்குச் சொல்லத்தான். நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொல்ல அறையில் ஒரே ஒருவர்தான் இருந்தார்.

ஆமாம், அவர்தான். இதை நான் கதைக்காகச் செய்யவில்லை. கம்பெனியில் தமிழும் இங்கிலீஷும் தெரிந்த கிராணி அவர். துரைக்கு அதில் ஒன்றும் பொருத்தமில்லாததாகப் படவில்லை.

துரை பேசினார். விஸ்வலிங்கம் தமிழில் சொன்னார்: "அந்தப் பகுதியளை விடச் சொன்னது ஆர் எண்டு துரை கேக்கிறார், தங்கச்சி. நான் இருக்கிறன் எண்டு பாராமல் சொல்லுங்கோ."

நான் சொன்னேன்:

"யாரும் சொல்லலை. ரெண்டு பேரும் ஒண்ணா நிறுத்தினாங்க. விளக்கு வெச்சிருந்துச்சு. நான் புள்ளத்தாச்சியா உள்ள இருந்தேன். அப்ப அதைப் பேச மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை கடற்கரையில உக்காந்து எழுதுறதா இருந்தாங்க. மறைக்கணும்னு யாரும் நெனைக்கலை."

இவ்வளவும் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

மாமாவின் கால் விரல் தரையை அழுத்தியது. பிறகு விஸ்வலிங்கம் இங்கிலீஷில் சொன்னார். ஒரே மூச்சு. நான் இன்னும் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

சப்பாத்து திரும்பியது. என் பக்கம் இல்லை, விஸ்வலிங்கத்தின் பக்கம். துரை ஏதோ கேட்டார், சின்னதாக. விஸ்வலிங்கம் அதைத் தமிழாக்கவில்லை. தானே பதில் சொன்னார். அதுவும் ஒரு சொல்தான்.

அந்த மாதம் முடியுமுன் அவருக்கு வேலை போயிற்று. என் கணவரைப் பற்றிக் கம்பெனி நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை.

7

தைப்பிங்கில் ஒரு வக்கீல் ஆபீஸில் இடம் கிடைத்து, விஸ்வலிங்கம் விடைபெற வந்தார். சலேஹா பிறந்துவிட்டாள். நான் திரைக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டேன்.

"அண்ணே, அன்னிக்கு துரைகிட்ட என்னா சொன்னீங்க?"

"நீங்க சொன்னதுக்கு மேலாலை ஒண்டும் சொல்லேல்ல, தங்கச்சி."

"கீழாலே?"

சிரித்தார். "இங்கிலீஷ் சின்ன பாஷை. தமிழிலை ஒரு கலியாணத்துக்குச் சமைச்சால், இங்கிலீஷிலை ரெண்டு பேர் சாப்பிடலாம்."

அவ்வளவுதான். சோடாகூட வேண்டாம் என்றார்.

அந்தச் சிரிப்பிலிருந்து நான் ஒன்றைக் கட்டினேன். என் சொற்கள் அத்தனை. அவர் சொன்னது ஒரு மூச்சு. ஆகவே அவர் சுருக்கினார். எதைச் சுருக்கினார்? விளக்கு, வயிறு, வழக்கம், இரண்டு பேர், எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, 'நான்தான் விட்டேன்' என்று சொல்லியிருக்கிறார். செத்தவருடைய பெயரைக் காப்பாற்ற, நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு. இதை நான் இருபது வருஷத்துக்கு மேல் நம்பினேன். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் அவருக்காக துவா கேட்டிருக்கிறேன். சலேஹாவிடம் அவரைப் பற்றிச் சொல்லும்போது 'உன் வாப்பாவுக்கு உடன்பிறந்தவர் மாதிரி' என்றுதான் சொல்வேன்.

போன வருஷம் அவர் காலமானார். ஞானாம்பிகை அக்கா ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்.

போன மாதம், ஏதோ ஒரு நினைப்பில், அன்றைக்குச் சொன்னதை அப்படியே சலேஹாவிடம் சொல்லி, இங்கிலீஷில் சொல்லு என்றேன். அவள் கான்வென்ட்டில் படித்தவள், அங்கேயே சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

ஒரே மூச்சு.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் உம்மா. யாரும் சொல்லலை, வழக்கம், ரெண்டு பேரும் நிறுத்தினாங்க."

"விளக்கு?"

"வழக்கம்னு சொல்லிட்டேன்ல, அதுக்குள்ளேயே விளக்கு வந்துரும். விளக்கு, வயிறுன்னு தனித்தனியா சொன்னா கேட்கிற துரை சிரிப்பான்லா. அவன் யாருன்னுதானே கேட்டான்?"

ஆக, சுருக்கம் எதையும் காட்டவில்லை. நான் சொன்னதை முழுதாகச் சொன்னாலும் அவ்வளவுதான் வரும்.

8

முடிவுக்கு வந்துவிட்டேன். அதாவது, முடிவு இருக்க வேண்டிய இடத்துக்கு.

(அ) அவர் 'நான்தான்' என்றார். துரை 'உண்மையா?' என்று கேட்டார். அவர் 'ஆமாம்' என்றார். நான் நம்பியது சரி.

(ஆ) அவர் நான் சொன்னதை அப்படியே சொன்னார். 'யாரும் சொல்லவில்லை' என்பது துரைக்குப் பதிலாகப் படவில்லை. துரைமாரின் வேலையில் எல்லாவற்றுக்கும் ஒரு ஆள் இருந்தாக வேண்டும். 'எழுதியது நீதானே?' என்று கேட்டார். 'ஆமாம்.' அப்படியானால் அவர் தியாகம் செய்யவில்லை. மொழிபெயர்த்தார். அதற்காக வேலை போயிற்று.

(இ) இதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனாலும், இல்லாதது மாதிரி விட்டால் நான் மாமா சொன்னபடி செய்ததாகிவிடும். அவர் 'மரைக்காயர்தான்' என்றார். துரை நம்பவில்லை, அல்லது நம்பினார். செத்தவரை வேலையை விட்டு நீக்க முடியாது. உயிரோடு இருப்பவரை முடியும். அப்படியானால் இத்தனை வருஷம் நான் கேட்ட துவா—

இந்த வாக்கியத்தை நான்கு விதமாக முடித்துப் பார்த்தேன். எதுவும் நிற்கவில்லை. விட்டுவிடுகிறேன்.

(இ)யை விஸ்வலிங்கம் செய்திருக்க மாட்டார் என்று சொல்ல எனக்கு ஆசை. ஆனால் நான் அவரைப் பற்றி அறிந்தது குரலும் பேனா ஓசையும் கால்களும்தான். மற்றதை நான் செய்துகொண்டேன். கதைக்காரர்கள் செய்வதை நான் எழுத உட்காருவதற்கு வெகு காலம் முன்பே செய்திருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது.

என் கணவர் இருந்திருந்தால் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்திருப்பார். பிரெஞ்சில் ஒரு சொல் விளங்காவிட்டால் அவர் ஒரு நாளைக்கு மேல் வைத்திருக்க மாட்டார். கிடைத்ததைச் சொல், தப்பாக இருந்தால் எஞ்சின் சொல்லும் என்பார். எனக்கு அப்படிச் சொல்ல எஞ்சின் எதுவும் இல்லை. எனவே மூன்றையும் உங்களிடம் தருகிறேன். நீங்கள் எதை எடுத்தாலும் நான் மறுக்கப் போவதில்லை, ஒப்புக்கொள்ளவும் போவதில்லை. துவாவை மட்டும் நிறுத்தவில்லை. அது முடிவு தெரிந்து கேட்கிற விஷயம் இல்லை.

போன வாரம் சலேஹாவோடு நிபோங் திபாலுக்குப் போனேன், முதல் முறையாக. ஆலை ஓடிக்கொண்டிருந்தது. மழையும் பெய்துகொண்டிருந்தது. குழிக்குப் போகிற கதவின் அடியில் ஒரு கருங்கல்லை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். சாரல் உள்ளே அடித்து, தரையெல்லாம் ஈரம். கதவை யாரும் சாத்தவில்லை.